முயலுக்கு முன் மரம் வையுங்கள்

முயல் வளர்க்க விரும்பும் சிறு விவசாயிகள் எங்களிடம் முதலில் கேட்கும் கேள்வி, "நல்ல இனக் குட்டிகள் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் என்று இனங்களின் பெயர்களைப் பலரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கூண்டின் நீள அகலம், கம்பி வலையின் கண் அளவு, குட்டி ஈனும் பெட்டியின் உயரம் ஆகியவற்றையும் விசாரிக்கிறார்கள். ஆனால், "முயலுக்காக என்னென்ன மரங்கள் வைக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் மிகவும் அரிது. என் அபிப்பிராயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

முயல் வளர்ப்பில் ஆகும் நடைமுறைச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடுகிறது. கூண்டுக்கு ஒருமுறை செலவு செய்தால் பல ஆண்டுகளுக்கு வரும். தீவனச் செலவோ தினந்தோறும் வந்து நிற்கும். கிராமங்களில் உற்சாகமாக ஆரம்பிக்கப்பட்ட முயல் பண்ணைகள் ஓரிரு ஆண்டுகளில் காலிக் கூண்டுகளாக நிற்பதற்கு நோய், விற்பனைச் சிரமம் எனப் பல காரணங்கள் உண்டு. எனினும் அடிப்படையாக இருப்பது, முழுத் தீவனத்தையும் மூட்டையாகக் கடையில் வாங்கி, அதைப் போட்டு வளர்த்த முயலை உள்ளூர் விலைக்கு விற்க நேர்வதுதான். கையிலிருக்கும் சொற்பப் பணமும் இப்படிக் கரைந்து போனால், அந்தக் குடும்பம் மறுபடியும் எந்த உபதொழிலையும் நம்பாது.

இதற்கு மாற்று வழி நம் வேலியிலும் வரப்பிலும் இருக்கிறது. மர இலைகளைப் பச்சையாகவும், நிழலில் உலர்த்திப் பொடியாக்கியும் வளரும் முயல்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு, ஓர் அளவும் உண்டு.

இரண்டு தவறான எண்ணங்கள்

முயல் தீவனம் பற்றி நம்மிடையே இரண்டு விதமான எண்ணங்கள் நிலவுகின்றன. "முயல் காட்டில் தழை தின்று வாழும் பிராணிதானே, இரண்டு கட்டுத் தழையைப் போட்டால் தானே வளரும்" என்பது ஒன்று. "குச்சித் தீவனம் இல்லாமல் கறி முயல் வளர்க்கவே முடியாது" என்பது மற்றொன்று. இரண்டுமே சிறு விவசாயிக்கு நஷ்டத்தைத் தருபவை.

தழையை மட்டுமே தின்று வளரும் குட்டி சாகாமல் இருக்கும், ஆனால் வளராது. மூன்று மாதம் அல்லது அதற்குச் சற்று மேல் வர வேண்டிய 2 கிலோ எடைக்கு ஐந்து, ஆறு மாதங்கள் ஆகிவிடும். அதற்குள் அதே கூண்டில் அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு இடமில்லாமல் போகும். முழுவதும் விலைத் தீவனத்தில் வளர்த்தாலோ எடை வரும், லாபம் வராது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கலப்புத் தீவனத்தில் விலை கூடிய பகுதியான பிண்ணாக்கிலும் தவிட்டிலும் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் இலைப் பொடியைச் சேர்ப்பது. பசுந்தீவனத்தில் புல்லோடு மர இலையைக் கலந்து கொடுப்பது. இலையை நாம் "சும்மா கிடைக்கும் தழை" என்று பார்க்காமல், புரதச்சத்து தரும் ஒரு தீவனப் பொருள் என்று பார்த்து, பிண்ணாக்கை நிறுத்துப் போடுவதைப் போலவே நிறுத்துப் போட வேண்டும்.

முயலின் வயிறு

இதற்கான காரணம் முயலின் ஜீரண அமைப்பில் இருக்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் முன்வயிற்றில் நுண்ணுயிர்கள் இருந்து நாரைச் செரிக்கின்றன. முயலுக்கு அந்த வேலை நடக்கும் இடம் குடலின் பின்பகுதியிலுள்ள குருட்டுக்குடல். அங்கே நுண்ணுயிர்கள் உருவாக்கும் புரதமும் பி வகை வைட்டமின்களும் மெதுவான, பளபளப்பான சிறு உருண்டைகளாக வெளிவரும். முயல் அவற்றை ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து மீண்டும் விழுங்கிவிடும். கூண்டுக்குக் கீழே நாம் பார்க்கும் கெட்டியான புழுக்கை வேறு, இது வேறு. முயல் தன் சாணத்தைத் தின்கிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள். இது இயற்கை, தடுக்கக் கூடாது.

நாரைச் செரிப்பதில் முயல், மாட்டுக்கும் ஆட்டுக்கும் இணையாகாது. குடலுக்குள் வந்த நாரின் பெரும்பகுதியை அது வேகமாக வெளியே தள்ளிவிடும். ஆனால் இலையிலுள்ள புரதச்சத்தை அது நன்றாகவே பயன்படுத்திக் கொள்கிறது. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. இலை முயலுக்கு நல்ல புரதத் தீவனம். ஆனால் எடை கூடுவதற்கு வேண்டிய எரிசக்தியை இலை மட்டுமே தந்துவிடாது. அதற்கு மக்காச்சோளம், கம்பு போன்ற தானியமோ தவிடோ கொஞ்சமாவது வேண்டும்.

அதேசமயம் நார் இல்லாமலும் முயல் வாழாது. தீவனத்தில் நார் குறைந்து மாவுச்சத்து மிகுந்தால், குருட்டுக்குடலில் தீங்கு செய்யும் கிருமிகள் பெருகிக் கழிச்சல் கண்டு குட்டிகள் இறக்கின்றன. வளரும் குட்டிக்கு மொத்தத் தீவனத்தில் 16 சதவிகிதம் புரதமும், 12 முதல் 15 சதவிகிதம் நாரும் இருப்பது நல்லது. இலைப் பொடி இவ்விரண்டையும் சேர்த்தே தருகிறது என்பதுதான் அதன் சிறப்பு.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சீக் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் குதிரை மசாலை முக்கிய பாகமாகக் கொண்ட தீவனங்களில் முயல்களை வளர்த்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். வெப்ப நாடுகளின் மர இலைகளும் அவர்களுடைய ஆராய்ச்சியில் இடம் பெற்றன. தண்ணீர் வசதி உள்ளவர்களுக்குக் குதிரை மசால் சிறந்ததுதான். ஆனால் மானாவாரி விவசாயிக்குக் குதிரை மசாலுக்குப் பாய்ச்சத் தண்ணீர் ஏது? வேர் ஆழமாகச் செல்லும் மரம்தான் அவருடைய மசால்.

எந்த மரங்கள்?

முருங்கை: நிழலில் உலர்த்திய இலையில் புரதம் 25 சதவிகிதத்துக்குக் குறையாது. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ சத்தும் மிகுதி. தீங்கு செய்யும் பொருள்கள் குறைவு. செடிமுருங்கை பயிரிடுவோர் காய் பறித்து முடிந்ததும் மறுதாம்புக்காகத் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் வெட்டிவிடுவது வழக்கம். அப்போது குவியலாக வீணாகும் இலையே ஒரு சிறு பண்ணைக்குப் பல மாதத் தீவனம். பூச்சிமருந்து தெளித்த தோட்டமாக இருந்தால் மட்டும் அதைத் தொட வேண்டாம்.

மல்பெரி: முயல் விரும்பித் தின்னும் இலைகளில் முதலிடம் தரத்தக்கது. புரதம் 15 முதல் 25 சதவிகிதம் வரை இருக்கும், எளிதில் செரிக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி, உடுமலை போன்ற பட்டு வளர்ப்புப் பகுதிகளில் உள்ளவர்களுக்கு இது கைக்கெட்டிய தீவனம். ஆனால் புழு தின்று மிஞ்சிய படுக்கை இலையை முயலுக்குப் போடக் கூடாது. அதில் புழுவின் எச்சமும், தூவிய சுண்ணாம்பும், கிருமிநாசினித் தூளும் கலந்திருக்கும். தோட்டத்தில் மிகுதியாக நிற்கும் புது இலையையே பறிக்க வேண்டும்.

அகத்தி: விதைத்த சில மாதங்களிலேயே தழை தருவது. புரதம் மிகுந்தது. மரத்துக்கு ஆயுள் குறைவு என்பதால் ஆண்டுதோறும் சில விதைகளை ஊன்றி வர வேண்டும். அகத்தியை மட்டும் தனித்துத் தொடர்ந்து கொடுக்காமல் வேறு இலைகளோடு கலந்து கொடுப்பது நல்லது.

கல்யாண முருங்கை: முள்முருங்கை என்றும் சொல்வார்கள். வெற்றிலைக் கொடிக்கும் மிளகுக் கொடிக்கும் படர்மரமாக வைப்பது. வீட்டில் இரண்டொரு முயல் வளர்ப்பவர்கள் நெடுங்காலமாக இதன் இலையைத்தான் கொடுத்து வருகிறார்கள். கொம்பை வெட்டி ஊன்றினால் வேர்பிடிக்கும்.

வேலிமசால்: இது மரமல்ல, செடி. ஆயினும் வேலியோரத்தில் ஒருமுறை விதைத்தால் பல ஆண்டுகள் வெட்டலாம் என்பதால் இந்த வரிசையில் சேர்க்கிறேன். மரங்கள் வளர்ந்து வரும்வரை கைகொடுப்பதும் இதுவே.

சூபாபுல்: சவுண்டல் என்றும் பெயர் உண்டு. 1980-களில் அதிசய மரம் என்று போற்றப்பட்டது. புரதம் 20 சதவிகிதத்துக்கு மேல் உள்ளது என்பது உண்மை. ஆனால் இதில் மிமோசின் என்ற நச்சுப் பொருள் உண்டு. இளந்தளிரிலும் விதையிலும் அது அதிகம். அளவு மீறினால் முயலுக்கு முடி கொட்டும், வளர்ச்சி குன்றும், சினை பிடிப்பது தடைப்படும். ஆடு மாடுகளின் முன்வயிற்றில் இந்த நச்சை முறிக்கும் ஒருவகை நுண்ணுயிர் இருப்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் 1980-களில் எடுத்துக் காட்டினார். ஆனால் முன்வயிறு இல்லாத முயலுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. ஆகவே ஆடு தின்கிறது என்பதற்காக முயலுக்கும் சூபாபுல்லை அள்ளிப் போடக் கூடாது. வளரும் முயலின் மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முற்றிய இலையாகப் பறித்து நன்றாக உலர்த்தியே சேர்க்க வேண்டும். சினை முயலுக்கு அறவே தவிர்ப்பது நல்லது.

கிளைரிசிடியா: பசுந்தாள் உரத்துக்காகப் பலர் வரப்பில் வைத்திருக்கிறார்கள். இதன் வாடை முயலுக்குப் பிடிப்பதில்லை. கூமரின் என்ற பொருளும் இதில் இருக்கிறது. 'கிளைரிசிடியா' என்ற சொல்லுக்கே எலியைக் கொல்வது என்று பொருள். வேறு இலை கிடைக்காத காலத்தில், ஒரு நாள் வாடவிட்டுச் சிறிதளவு கலந்து கொடுக்கலாம். இதையே நம்பிப் பண்ணை வைக்க வேண்டாம்.

பலா, பூவரசு, வேம்பு முதலியவற்றின் இலைகளையும் இடையிடையே சிறிதளவு கொடுக்கலாம். இவற்றை நாருக்கும் மாறுதலுக்கும் என்று கொள்ள வேண்டுமே தவிர, புரதத்துக்கென்று கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கொடுக்கக் கூடாதவை

அரளி, எருக்கு, ஆமணக்கு, உண்ணிச்செடி ஆகியவற்றின் இலைகள் தழைக்கட்டில் தவறியும் கலந்துவிடக் கூடாது. மரவள்ளி இலையையும் இளம் சோளப் பயிரையும் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். அவற்றில் சயனைடு நச்சு உண்டு. கொடைக்கானல் மலைப்பகுதியிலும் நீலகிரியிலும் உள்ளவர்கள் பட்டர் ஃப்ரூட் எனப்படும் வெண்ணெய்ப்பழ மரத்தின் இலை முயலுக்கு விஷம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தழை பறிப்பது பெரும்பாலும் சிறு பிள்ளைகளின் வேலையாக இருப்பதால், இந்தச் செடிகளை அவர்களுக்கு நேரில் காட்டிச் சொல்லிவிடுவது அவசியம்.

ஒரே மரத்தை நம்பாதீர்கள்

இது விஷயத்தில் நமக்கு இரண்டு அனுபவங்கள் உண்டு. சூபாபுல் எங்கும் பரவி நின்ற வேளையில், 1980-களின் இறுதியில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி ஒன்று இந்தியாவுக்குள் நுழைந்து, துளிர்களையெல்லாம் கருக்கிவிட்டது. அதற்குப் பின், 2000-க்குப் பிந்தைய முதல் பத்தாண்டில், முடிச்சுக் குளவி என்ற பூச்சி கல்யாண முருங்கையைத் தாக்கியது. இலையும் காம்பும் கட்டி கட்டியாக வீங்கிப் பல இடங்களில் மரங்களே பட்டுப் போயின. மிளகுக் கொடிகளும் பற்றுமரமின்றிச் சாய்ந்தன.

எனவே வேலியில் குறைந்தது மூன்று வகை மரங்களாவது இருக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்றது காக்கும். பல இலைகளைக் கலந்து கொடுக்கும்போது எந்த ஓர் இலையின் நச்சுப் பொருளும் எல்லை மீறாது என்பது இன்னொரு லாபம்.

இலைப் பொடி தயாரித்தல்

காலைப் பனி உலர்ந்த பின் கிளைகளை வெட்டி, இலைகளை மட்டும் உருவி எடுக்க வேண்டும். அவற்றைச் சிமெண்டுத் தரையிலோ சாக்கின் மீதோ நிழலில் மெல்லியதாகப் பரப்பி, நாளைக்கு மூன்று நான்கு முறை கிளறிவிட வேண்டும். கடும் வெயிலில் காய்ந்தால் பச்சை நிறம் வெளுத்து வைட்டமின் ஏ சத்துக் குறையும். குவித்துப் போட்டால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு மூன்று நாட்களில் இலை கையில் நொறுங்கும் பதத்துக்கு வரும். நிறம் பச்சையாகவே இருக்க வேண்டும். 100 கிலோ பச்சை இலைக்கு ஏறக்குறைய 22 முதல் 25 கிலோ உலர்ந்த இலை கிடைக்கும்.

உலர்ந்த இலையைக் கையால் நொறுக்கிச் சல்லடையில் சலித்துக் காம்புகளை அகற்றினால் போதும். மாவு போல நைஸாக அரைக்க வேண்டியதில்லை. அரைத்தால் தூள் மூக்கில் ஏறி முயல் தும்மும், தீவனத்தையும் ஒதுக்கும். பொடியை ஈரமில்லாத சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். பூஞ்சண வாடை வந்தால் தயங்காமல் எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இலை தாராளமாகத் துளிர்க்கும். ஆனால் உலர்த்த வெயில் இராது. ஆகவே அம்மாதங்களில் வாடவிட்ட பச்சை இலையாகவே கொடுத்து, தை, மாசியில் பறித்து உலர்த்திக் கோடைக்குச் சேமித்து வைப்பதே சிறந்தது. கோடையில் புல் கருகியிருக்கும் நேரத்தில்தான் அந்த மூட்டையின் அருமை தெரியும்.

கலக்கும் முறை

ஐந்து வாரத்தில் தாயைப் பிரிந்த குட்டிகளுக்கு ஒரு மாதிரிக் கலவையைக் கீழே தருகிறேன். 100 கிலோ தீவனத்துக்கு:

உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு - 30 கிலோ
கடலைப் பிண்ணாக்கு - 10 கிலோ
கோதுமைத் தவிடு - 38 கிலோ
இலைப் பொடி - 20 கிலோ
தாது உப்புக் கலவை - 1½ கிலோ
சாதாரண உப்பு - ½ கிலோ

இதில் புரதம் ஏறக்குறைய 17 சதவிகிதம் வரும். இலைப் பொடி சேர்க்காமல் இதே அளவு புரதம் வேண்டுமானால், பிண்ணாக்கு 16 கிலோவும் தவிடு 52 கிலோவும் போட வேண்டியிருக்கும். ஆக, 20 கிலோ இலைப் பொடி 6 கிலோ பிண்ணாக்கையும் 14 கிலோ தவிட்டையும் மிச்சப்படுத்துகிறது. உங்கள் ஊர்க் கடை விலையை விசாரித்து இதை நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். இலைப் பொடி 20 கிலோவில் சூபாபுல் 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். மீதி முருங்கை, மல்பெரி, அகத்தி என்று இருக்கட்டும்.

பிண்ணாக்கைக் குறைப்பதில் செலவு மிச்சம் தவிர இன்னொரு நன்மையும் உண்டு. ஈரப்பதம் பட்ட கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நச்சு உண்டாகிறது. முயல் அந்த நச்சைச் சிறிதும் தாங்காத பிராணி. ஈரல் கெட்டுத் தீவனம் எடுக்காமல் இறந்துவிடும். ஆகவே பழைய, கட்டி பிடித்த, நிறம் மாறிய பிண்ணாக்கை விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

தூள் பறக்காமலிருக்கக் கலவையில் கொஞ்சம் தண்ணீரோ நீர்த்த கஞ்சியோ தெளித்துப் பிசறிக் கொடுக்கலாம். பிசறிய தீவனம் மீந்தால் அன்றே எடுத்துவிட்டுத் தட்டைக் கழுவ வேண்டும். புளித்தது வயிற்றைக் கெடுக்கும்.

தாயைப் பிரித்ததிலிருந்து எட்டு வாரம் வரை குட்டி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் கலவையும், 100 கிராம் வாடவிட்ட பசுந்தீவனமும் போதும். எட்டு முதல் பதின்மூன்று வாரம் வரை 60 முதல் 70 கிராம் கலவையும், 200 முதல் 250 கிராம் பசுந்தீவனமும் கொடுக்கலாம். பசுந்தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கினியாப்புல் போன்ற புல்லாகவும், ஒரு பங்கு மர இலையாகவும் இருக்கட்டும்.

முயல் இரவில் தின்னும் பிராணி. சமவெளியில் வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலே பகலில் தீவனம் எடுப்பதைக் குறைத்துக் கொள்ளும். எனவே அன்றாடத் தீவனத்தில் பெரும் பங்கை மாலையில் போட வேண்டும். உலர் தீவனம் தின்னும் முயலுக்கு எப்போதும் குடிநீர் வேண்டும். பசுந்தழை தின்கிறதே, தண்ணீர் எதற்கு என்று எண்ணக் கூடாது.

எந்தப் புது இலையானாலும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொண்டு வர வேண்டும். குருட்டுக்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் பழகுவதற்கு அவ்வளவு காலம் வேண்டும். பனியும் மழையும் பட்ட ஈர இலையைப் போட்டால் வயிறு ஊதும், கழிச்சல் காணும். தழையைக் கூண்டின் தரையில் பரப்பாமல் கட்டாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். தரையில் போட்ட தழை புழுக்கையில் புரண்டு, காக்சிடியா எனும் ரத்தக் கழிச்சல் கிருமியைக் குட்டிகளின் வயிற்றுக்குள் கொண்டு சேர்க்கும். தாயைப் பிரிந்த குட்டிகளை மொத்தமாகக் கொண்டு போவதில் இந்த நோய்க்கு முக்கியப் பங்கு உண்டு.

எத்தனை மரங்கள் வேண்டும்?

நான்கு தாய் முயல்கள் வைத்திருக்கும் குடும்பம் ஆண்டுக்கு ஐந்து ஈற்றில், ஈற்றுக்கு ஐந்து குட்டி வீதம் காப்பாற்றினால் 100 குட்டிகள் விற்பனைக்கு வரும். ஐந்து வாரத்திலிருந்து பதின்மூன்று வாரம் வரை குட்டி ஒன்றுக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல் கலவை செலவாகும். அதில் இலைப் பொடி 650 கிராம். நூறு குட்டிக்கு 65 கிலோ பொடி, அதாவது ஏறக்குறைய 300 கிலோ பச்சை இலை. பசுந்தீவனமாக நேரடியாகக் கொடுப்பதற்கு இன்னும் ஒரு 300 கிலோ. ஆக, ஆண்டுக்கு 600 கிலோ.

மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ இலை என்று குறைவாகவே மதிப்பிட்டாலும் 60 மரங்கள் வேண்டும். சில பட்டுப் போகும், சிலவற்றை ஆடு கடிக்கும். ஆகவே 100 மரங்கள் என்று திட்டமிடுவது பத்திரம். மீட்டருக்கு ஒன்றாக நட்டால் 100 மீட்டர் வேலி. அரை ஏக்கர் நிலத்தின் சுற்றளவே ஏறக்குறைய 180 மீட்டர் இருக்கும். பயிர் செய்யும் நிலத்தில் ஒரு சென்ட்கூட இதற்கென்று ஒதுக்க வேண்டியதில்லை. தலையை வெட்டி மூன்று நான்கடி உயரத்தில் நிறுத்தினால் பெண்கள் நின்றபடியே பறிக்கலாம். பயிருக்கு நிழலும் விழாது.

இந்த மரங்கள் பலன் தர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். இதனால்தான் முயல் வாங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே மரம் வையுங்கள் என்கிறேன். அந்த ஓராண்டில் இன்னொரு வேலையும் செய்யலாம். உங்கள் ஊரிலும் பக்கத்துச் சந்தையிலும் முயல் கறி வாங்குபவர்கள் யார், எத்தனை பேர் என்று விசாரித்து அறியலாம். "குட்டி நாங்கள் தருகிறோம், வளர்த்தால் நாங்களே வாங்கிக் கொள்கிறோம்" என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஈமு கோழி வளர்ப்பில் 2012-ஆம் ஆண்டில் கொங்கு நாட்டு விவசாயிகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. மரம் வைத்தவருக்கு, ஒருவேளை முயல் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் நஷ்டமில்லை. அந்த இலையை ஆடு தின்னும்.

வேலைப்பளு

இலை பறிப்பதும் உலர்த்துவதும் நொறுக்குவதும் வேலையல்லவா, அதற்குக் கூலி யார் கொடுப்பது என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கூலியில்லாத உழைப்பு என்று எண்ணித் திட்டம் போடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. மேலே சொன்ன 300 கிலோ இலையை உலர்த்துவதற்கு மாதம் 25 கிலோ பறித்தால் போதும். அது மாதத்தில் இரண்டு காலை நேர வேலை. இந்த வேலையில் ஆண்களும் பங்கு கொள்ள வேண்டும். முயல் விற்ற பணத்தில் பெண்களுக்கும் பங்கு இருக்க வேண்டும். இவ்வளவையும் கணக்கில் சேர்த்த பிறகும் மிச்சம் இருந்தால்தான் அது லாபம். ஐம்பது, நூறு தாய் முயல்கள் வைத்துக் கூலியாள் போட்டு நடத்தும் பண்ணைக்கு இந்த முறை கட்டாமல் போகலாம். நான்கைந்து தாய் முயல் வைத்திருக்கும் குடும்பத்துக்கே நான் இதைச் சிபாரிசு செய்கிறேன்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஒரே வயதுள்ள பத்துக் குட்டிகளை எடுத்து, ஐந்து ஐந்தாக இரண்டு கூண்டில் விடுங்கள். ஒரு கூண்டுக்கு நீங்கள் வழக்கமாகப் போடும் தீவனம், மற்றொன்றுக்கு இலைப் பொடி கலந்த தீவனம். இரண்டுக்கும் போட்ட தீவனத்தின் எடையையும் விலையையும் நோட்டில் எழுதி, வாரம் ஒருநாள் தராசில் குட்டிகளை நிறுத்து வாருங்கள். ஒரு கிலோ எடை கூட எந்தக் கூண்டில் செலவு குறைவு என்பது எட்டு வாரத்தில் தெரிந்துவிடும். எடை இரண்டொரு நாள் பிந்தி வந்தாலும் செலவு குறைந்திருந்தால் அது வெற்றியே. முடி கொட்டுதல், புழுக்கை இளகுதல், தட்டில் தீவனம் மிஞ்சுதல் ஆகியவை தென்பட்டால் இலையின் அளவைக் குறைத்து, கால்நடை மருத்துவரைக் கலந்து கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

நீலகிரியில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறி ஆடு ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையமும் நல்ல இன முயல்கள் பரவக் காரணமாக இருந்து வருகின்றன. இனம் கிராமத்துக்கு வந்து சேர்ந்த வேகத்தில் தீவன மரம் வந்து சேரவில்லை என்பதே என் ஆதங்கம். முயல் வளர்ப்புப் பயிற்சிக்கு வருபவர்களுக்குச் சான்றிதழோடு முருங்கை, மல்பெரி, அகத்திக் கன்றுகளும் விதைகளும் கொடுத்தனுப்ப வேண்டும். கடனுதவி செய்யும் வங்கிகள் கூண்டுக்குக் கணக்கிடுவது போலவே, வேலியில் எத்தனை தீவன மரம் நிற்கிறது என்பதையும் பார்த்துக் கடன் தர வேண்டும். கிராமத்துக்கு ஒரு மகளிர் குழு இலையை உலர்த்திப் பொடியாக்கி விற்க முன்வந்தால், மரம் வைக்க இடமில்லாத கூலித் தொழிலாளர் குடும்பங்களும் இரண்டு முயல் வளர்க்க முடியும்.

முயல் ஒரு மாதத்தில் குட்டி போடும். மூன்று மாதத்தில் கறிக்கு வரும். இந்த வேகத்தைப் பார்த்துத்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஆனால் அதன் தீவனம் மரத்தில் விளைய ஓராண்டு ஆகும். வருகிற ஆடி, ஆவணி மழையில் வேலியோரம் குழியெடுத்துக் கன்றுகளையும் விதைகளையும் ஊன்றுங்கள். கூண்டுக்கு அடுத்த ஆண்டு ஆசாரியைக் கூப்பிடலாம்.